பத்தில் ஒரு பங்கு உப்புத் தண்ணீர்

நம் வீடுகளில் தினமும் காலையில் ஒரு 'ஸ்டாக் சொல்யூஷன்' தயாராகிறது. நாம் அதை டிகாஷன் என்கிறோம். ஃபில்டரில் சொட்டுச் சொட்டாக இறங்கியது கெட்டியாக இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஒருவருக்கு ஸ்ட்ராங், ஒருவருக்கு மீடியம், பெரியவர்களுக்கு லைட் என்று ஆளுக்கொரு காப்பி கலக்கிறோம். சொல்லாமல் கொள்ளாமல் விருந்தாளி வந்துவிட்டால் டிகாஷனில் ஒரு கரண்டி வெந்நீர் விழும். (வந்தவருக்குத் தெரியாது. வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும் :-))

இதில் ஒன்றைக் கவனியுங்கள். வெந்நீர் ஊற்றியதால் டிகாஷனின் அளவு கூடியது, திடம் குறைந்தது. ஆனால் அதில் இறங்கியிருக்கும் காப்பியின் மொத்தம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இருந்ததே கொஞ்சம் அகலமாகப் பரவிக்கொண்டது. வேதியியல் கூடத்தில் பிள்ளைகள் போடும் நீர்த்தல் கணக்குகள் அத்தனைக்கும் அடிப்படை இவ்வளவுதான்.

நான் படித்தது பி.காம். பள்ளியில் சயன்ஸ் குரூப் பையன்கள் "வி ஒன் என் ஒன் ஈக்வல் டு வி டூ என் டூ" என்று ஜபம் போலச் சொல்லிக்கொண்டு போவதைத் தூரத்திலிருந்து கேட்டதோடு சரி. பிறகு வங்கி வேலை, வடக்கும் கிழக்குமாக மாற்றல்கள், இப்போது கொல்கத்தா. இங்கே பெண் பதினொன்றாம் வகுப்பில் சயன்ஸ் எடுத்ததும் அந்த ஜபம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அவளுக்காகப் புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்தவன், கடைசியில் வந்து நின்ற இடம் என் தொழிலுக்குப் பக்கத்து வீடு: நாணயச்சாலை. கெட்டியான கரைசலில் இருந்து நீர்த்த கரைசல் தயாரிக்கும் கணக்கை ஒரு நாட்டின் வெள்ளிப் பணமே நம்பி நின்ற கதை இது. காமர்ஸ்காரன் இதை எழுதலாம் என்று தைரியம் வந்தது அதனால்தான்.

முதலில் கணக்கு

செறிவை அளவால் பெருக்கினால் உள்ளே இருக்கும் சரக்கு கிடைக்கும். தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் சரக்கு ஒன்றே. ஆகவே முந்தைய பெருக்கலும் பிந்தைய பெருக்கலும் சமம்.

உதாரணம். கடையில் வாங்கும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுமார் 12 மோலார். நமக்கு வேண்டியது 0.1 மோலாரில் 500 மி.லி. தேவையான சரக்கு 0.1 × 500 = 50. அதை 12-ஆல் வகுத்தால் சுமார் 4.2 மி.லி. குடுவையில் பாதித் தண்ணீர் வைத்து, அதில் இந்த அமிலத்தை மெதுவாக விட்டு, பிறகு 500 என்று கோடு போட்ட இடம் வரை தண்ணீரால் நிரப்பவேண்டும். (அமிலத்தைத்தான் தண்ணீரில் விடவேண்டும். மாற்றிச் செய்தால் சூடேறித் தெறிக்கும்.)

"500-லிருந்து 4.2 போக மீதி 495.8 மி.லி. தண்ணீரை அளந்து ஊற்றினால் ஆகாதா?" என்று காமர்ஸ் மூளை கேட்கும். ஆகாது. இரண்டு திரவங்களைச் சேர்த்தால் அளவுகள் கூட்டினபடியே வரும் என்று உத்தரவாதம் இல்லை. 50 மி.லி. ஆல்கஹாலையும் 50 மி.லி. தண்ணீரையும் கலந்தால் 100 வராது, 96, 97-தான் வரும். எடை எங்கும் போய்விடவில்லை, இடம்தான் சுருங்குகிறது. அதனால்தான் கோடு வரை நிரப்பு என்கிறார்கள்.

சரி, எதற்கு ஸ்டாக் சொல்யூஷன்? நேராகவே நீர்த்த கரைசல் செய்துகொள்ளக் கூடாதா? காரணம் தராசு. ஒரு மில்லிகிராம் வரை காட்டும் தராசில் 5 மில்லிகிராம் உப்பை நிறுத்தால், ஒரு மில்லிகிராம் முன்பின் போனாலே நூற்றுக்கு 20 பிழை. அதே தராசில் 5 கிராம் நிறுத்தால் அதே ஒரு மில்லிகிராம் நூற்றுக்கு 0.02 பிழைதான். ஆகவே பெரியதாக நிறுத்து, கரைத்து, அதிலிருந்து பத்தில் ஒன்று, நூற்றில் ஒன்று என்று இறங்கி வருகிறார்கள். சின்ன அளவைத் தராசால் பிடிக்க முடியாதபோது தண்ணீரால் பிடிக்கிறோம். இந்த வாக்கியத்தை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

கூடத்துக்கு முன்பு சந்தை

இந்தக் கணக்கெல்லாம் ஏதோ பேராசிரியர்கள் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்தது என்று நினைத்திருந்தேன். இல்லை. வியாபாரத்தில்தான் ஆரம்பம். 1729-இல் பிரான்சில் ஜெஃப்ராய் என்பவர் வினிகரின் திடத்தை அளந்தார். பொட்டாசியம் கார்பனேட்டைச் சிறிது சிறிதாகப் போட்டு, நுரை நிற்கும்வரை எவ்வளவு செலவாயிற்று என்று பார்த்தார். நிறைய செலவானால் நல்ல வினிகர். கொஞ்சமாகச் செலவானால் யாரோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்! நம்மூர்ப் பால் பிரச்சினையேதான்.

1790-களில் ரூவான் நகரத்தில் டெக்ராய்சில் என்பவர் துணி வெளுக்கும் குளோரின் நீரை அளந்தார். திடம் கூடினால் துணி இற்றுப்போகும், குறைந்தால் வெளுக்காது. அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல் நீலச்சாயமான இண்டிகோ கரைசல். எவ்வளவு நீலத்தை இந்த நீர் அழிக்கிறது என்பதுதான் கணக்கு.

இந்த வழியில் வந்தவர்தான் நம் கதாநாயகர், கே-லுசாக். 1778-இல் பிறந்தவர். வாயுக்கள் பற்றிய விதிக்காக நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் இருப்பவர். 1804-இல் பலூனில் ஏறி சுமார் 7,000 மீட்டர் உயரம் போய்க் காற்றைப் பிடித்து வந்த துணிச்சல்காரர். பிப்பெட், பியூரெட் என்ற பெயர்களைப் பரவச் செய்தது 1824-இல் அவர் எழுதிய கட்டுரைதான். அவர் 1829-இல் பாரிஸ் நாணயச்சாலையில் வெள்ளி, தங்கத்தின் தரம் பார்க்கும் அலுவலகத்துக்குத் தலைமைப் பரிசோதகரானார்.

மாற்றுக் கணக்கு

அங்கே போவதற்கு முன் தங்கத்தைப் பற்றி நாலு வார்த்தை. வங்கியில் நகைக்கடன் மேஜையில் உட்கார்ந்த எவருக்கும் இது பழகிய சங்கதி. மதிப்பீட்டாளர் நகையை உரைகல்லில் ஒரு கோடு இழுத்து, அமிலம் தொட்டு, மாற்றுச் சொல்வார். "பத்தரை மாற்றுத் தங்கம்" என்று நாம் பேச்சில் சொல்வது இந்த மாற்றுதான்.

மாற்றுக் கணக்கு இந்தியாவில் மிகப் பழையது. 1150-இல் பாஸ்கராச்சாரியார் எழுதிய லீலாவதியில் தங்கக் கணக்குக்கென்றே ஒரு பகுதி உண்டு. சுத்தத் தங்கம் அங்கே 16 வர்ணம். பல தரத் தங்கத்தை உருக்கிச் சேர்த்தால், ஒவ்வொன்றின் எடையையும் தரத்தையும் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் கலவையின் தரம். 10 கிராம் 22 காரட்டில் செம்பு சேர்த்து 18 காரட் ஆக்கவேண்டும் என்றால் 22 × 10 = 220, அதை 18-ஆல் வகுத்தால் 12.22. ஆக 2.22 கிராம் செம்பு. இங்கே செம்புதான் தண்ணீர்! சயன்ஸ் குரூப் பையன்களின் ஜபமும் ஆசாரியின் கணக்கும் ஒன்றே என்று புரிந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

லீலாவதியில் இதன் மறுபக்கமும் உண்டு. தங்கத்தைப் புடம் போட்டுக் கசடை நீக்கினால் எடை குறையும். அதே பெருக்குத்தொகையைக் குறைந்த எடையால் வகுத்தால் ஏறிய தரம் கிடைக்கும். 12 வர்ணத்தில் 20 கிராம் என்றால் 240. புடம் போட்டபின் 16 கிராம் நின்றால் 15 வர்ணம். டிகாஷனைச் சுண்டக் காய்ச்சுவது போல.

ஆனால் இதில் சொல்லாமல் விட்ட ஒரு நம்பிக்கை இருக்கிறது. நெருப்பில் போனது கசடு மட்டும்தான், தங்கம் கொஞ்சமும் போகவில்லை என்ற நம்பிக்கை. கணக்கு சரிதான். ஆனால் பின்வாசல் வழியாகச் சரக்கு கசிந்தால்? கணக்கு அப்போதும் தாளில் டேலி ஆகும். விடை மட்டும் தப்பாக இருக்கும்.

பாரிஸில் நடந்தது அதுதான்.

நெருப்பு தின்ற வெள்ளி

பிரெஞ்சு வெள்ளி நாணயத்தின் சட்டப்படியான தரம் ஆயிரத்துக்கு 900. மேலே 3, கீழே 3 வரை தள்ளுபடி உண்டு. அதாவது 897 முதல் 903 வரை இருக்கலாம். இதைச் சோதிக்க அன்று எல்லா நாடுகளிலும் இருந்த வழி நெருப்பு. வெள்ளித் துண்டை ஈயத்தோடு சேர்த்து, எலும்புச் சாம்பலில் செய்த சின்னக் கிண்ணத்தில் வைத்து உலையில் உருக்குவார்கள். ஈயமும் செம்பும் ஆக்சைடாகிச் சாம்பலில் ஊறிப்போகும். சுத்த வெள்ளி ஒரு சின்ன மணியாக நிற்கும். அதை நிறுத்துத் தரம் சொல்வார்கள். பல நூற்றாண்டுகளாக நடந்துவந்த முறை.

சிக்கல் என்னவென்றால், அந்த உலையில் வெள்ளியும் கொஞ்சம் ஆவியாகப் போகும். ஈய ஆக்சைடோடு சேர்ந்து கிண்ணத்துக்குள்ளும் கொஞ்சம் ஊறும். ஆயிரத்துக்கு நாலைந்து பங்கு இப்படிப் போய்விடும். உலையின் சூடு, ஈயத்தின் அளவு, பரிசோதகரின் கைப்பழக்கம் எல்லாவற்றையும் பொறுத்து இது மாறும். அதாவது, உண்மையிலேயே 900 உள்ள நாணயம் சோதனையில் 895, 896 என்று விழும். தள்ளுபடியே மூன்றுதான், பிழையோ அதைவிடப் பெரியது!

வங்கிக்காரன் கண்ணால் இதைப் பாருங்கள். சோதனை குறைத்துக் காட்டுகிறது என்றால், நாணயம் பாஸ் ஆவதற்காக அச்சடிப்பவர் வெள்ளியைக் கூடப் போடவேண்டும். 900-க்குப் பதில் 904 என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் கிலோ நாணயத்தில் 4 கிலோ வெள்ளி தானமாகப் போகிறது. ஒரு பிராங்க் என்பது 5 கிராம் நாணயம், அதில் 4.5 கிராம் வெள்ளி. கணக்குப் போட்டால் இரண்டு லட்சம் பிராங்க் அச்சடிப்பதில் சுமார் 890 பிராங்க் காணாமல் போகிறது. திருடன் யாரும் இல்லை. எந்தப் பதிவேட்டிலும் இல்லை. எல்லாச் சோதனைக்கூடமும் ஒரே முறையைப் பின்பற்றியதால், எல்லோரும் ஒரே திசையில் தப்பினார்கள். எல்லோரும் ஒத்துக்கொள்வதும் உண்மையும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

உப்புத் தண்ணீர் வந்தது

அரசாங்கம் இதை ஆராயச் சொன்னது. கே-லுசாக் நெருப்பை விட்டுத் தண்ணீரைப் பிடித்தார். 1832-இல் அவருடைய செயல்முறைக் கையேடு வெளிவந்தது.

வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, அதில் சாதாரண சமையல் உப்பின் கரைசலை விட்டால், வெள்ளி குளோரைடு வெள்ளை வெளேரென்று தயிர்போலத் திரியும். செம்பு அப்படித் திரியாது, கரைசலிலேயே நிற்கும். ஒரு கிராம் வெள்ளியை முழுவதும் திரிய வைக்க 0.5418 கிராம் உப்பு வேண்டும் (இன்றைய அணு எடைகளின்படி). இனி கணக்கு எளிது. லிட்டருக்கு 5.418 கிராம் உப்பு இருக்கும்படி ஒரு கரைசல். அதில் 100 மி.லி., சரியாக ஒரு கிராம் வெள்ளிக்கு ஈடு. இதற்கு 'இயல்புக் கரைசல்' என்று பெயர் வைத்தார். இதுதான் ஸ்டாக் சொல்யூஷன்.

அடுத்துதான் சாமர்த்தியம். இந்தக் கரைசலில் 100 மி.லி. எடுத்து ஒரு லிட்டராக நீர்த்தார். பத்தில் ஒரு பங்குக் கரைசல். இதில் ஒரு மி.லி., வெள்ளியில் ஒரு மில்லிகிராமுக்கு ஈடு. அதாவது ஒரு கிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆயிரத்தில் ஒன்றை அறிய அபூர்வமான தராசு வேண்டாம், சாதாரண பிப்பெட் போதும். பெரிய வேலையைக் கெட்டிக் கரைசல் செய்கிறது. மிச்சத்தை நீர்த்த கரைசல் எண்ணுகிறது. ரூபாயாகக் கொடுத்துவிட்டுக் கடைசியில் பைசாவில் நேர் செய்வது போல.

நடைமுறை இப்படி. நாணயத்திலிருந்து 1.115 கிராம் எடுக்கவேண்டும். தரம் 897 இருந்தால்கூட அதில் ஒரு கிராம் வெள்ளி இருக்கும்படியான எடை அது. அமிலத்தில் கரைத்து, மூடியுள்ள குப்பியில் வைத்து, பிப்பெட்டால் 100 மி.லி. இயல்புக் கரைசல். மூடிக் குலுக்கினால் வெள்ளி குளோரைடு கட்டி கட்டியாகச் சேர்ந்து அடியில் படிந்து மேலே தெளியும். இப்போது பத்தில் ஒரு பங்குக் கரைசலில் ஒரு மி.லி. மேலே மேகம் போல ஒரு மங்கல் வந்தால், வெள்ளி இன்னும் மிச்சம் இருக்கிறது. குலுக்கித் தெளியவைத்து இன்னொரு மி.லி. இப்படி மூன்று முறை மேகம் வந்து நாலாவது முறை வரவில்லை என்று வைப்போம். நாலாவது கணக்கில் இல்லை. மூன்றாவது முழுவதும் செலவாயிற்றா என்று தெரியாது, ஆகவே அதற்குப் பாதி. மொத்தம் 1000 + 2.5 மில்லிகிராம். அதை 1115-ஆல் வகுத்தால் 899.1. நாணயம் பாஸ்.

முதல் மி.லி.யிலேயே மேகம் வராவிட்டால்? உப்பு கூடிவிட்டது என்று அர்த்தம். அதற்கும் வழி வைத்திருந்தார். லிட்டருக்கு ஒரு கிராம் வெள்ளி உள்ள இன்னொரு கரைசல். அதை மி.லி. மி.லி.யாகச் சேர்த்துப் பின்னால் வரலாம். கூடப் போட்ட பற்றுக்கு எதிர் வரவு. எனக்கு இது ரொம்பப் பிடித்த கட்டம்!

அந்தக் கரைசலையே எப்படி நம்புவது?

நல்ல ஆடிட்டர் அடுத்துக் கேட்கும் கேள்வி இதுதான். உப்பு சுத்தமானதா? ஈரம் இருந்ததா? நாணயச்சாலைக்குத் தேவையோ பெரிய பாத்திரம் நிறையக் கரைசல். கே-லுசாக் உப்பின் எடையை நம்பவில்லை. ஏறக்குறையச் சரியாக ஒரு கரைசல் செய்துகொண்டு, ஒரு கிராம் சுத்த வெள்ளியை அதனோடு மோதவிட்டுப் பார்த்தார். 100 மி.லி.க்குப் பதில் 98 மி.லி.யிலேயே வேலை முடிந்தால் கரைசல் கெட்டி. 98 லிட்டருக்கு 2 லிட்டர் தண்ணீர் சேர்த்தால் சரியாகிவிடும். மறுபடியும் அதே ஜபம்தான். சேர்த்த பிறகு இன்னொரு முறை சுத்த வெள்ளியோடு சோதனை.

இன்றைக்கும் பள்ளிக்கூடக் கூடத்தில் இதே நியாயம் நடக்கிறது. மேலே 12 மோலார் அமிலத்திலிருந்து 0.1 செய்தோமே, அது 'ஏறக்குறைய' 0.1-தான். பாட்டிலைத் திறக்கும்போதெல்லாம் அந்த அமிலம் புகைந்து போய்க்கொண்டிருக்கும். ஆகவே சுத்தமாகக் கிடைக்கிற, நிறுத்து நம்பக்கூடிய ஒரு பொருளோடு தரம்பார்த்து, உண்மைச் செறிவு 0.0987 என்றோ 0.1012 என்றோ பாட்டிலில் எழுதவேண்டும். நீர்த்தல் கணக்கு எதிர்பார்ப்பைச் சொல்லும். தரம்பார்த்தல் உண்மையைச் சொல்லும். பட்ஜெட்டும் ஆக்சுவலும் மாதிரி.

இரண்டாவது பின்வாசல், வெயில். தண்ணீர் சூட்டில் விரியும். 15 டிகிரியில் செய்த கரைசலை 25 டிகிரியில் அளந்தால் 100 மி.லி.யில் இருக்கவேண்டிய உப்பில் ஆயிரத்துக்கு 2 பங்கு குறைந்துவிடும். தள்ளுபடியே 3 என்கிற இடத்தில் இது பெரிய தொகை. கே-லுசாக் இதற்கென்றே திருத்த அட்டவணை போட்டுக் கொடுத்தார். இன்று நம் பிள்ளைகள் கையில் உள்ள குடுவைகளில் 20 டிகிரி என்று பொறித்திருப்பது அலங்காரத்துக்கு அல்ல. 20 டிகிரி தண்ணீர் 40 டிகிரிக்குப் போனால் ஆயிரத்துக்கு சுமார் 6 பங்கு விரியும். ஃபேனை அணைத்துவிட்டு மே மாதத்தில் செய்முறை வகுப்பு நடத்தும் நம் ஊர்க் கூடங்களை நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது பின்வாசல் அவர் முறைக்குள்ளேயே ஒளிந்திருந்தது. வெள்ளி குளோரைடு தண்ணீரில் கரையவே கரையாது என்று வைத்துத்தான் கணக்கு. ஆனால் லிட்டருக்குச் சுமார் இரண்டு மில்லிகிராம் கரையும். அதனால் முடிவுப் புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு வேடிக்கை நடக்கும்: உப்புக் கரைசல் விட்டாலும் மேகம் வரும், வெள்ளிக் கரைசல் விட்டாலும் மேகம் வரும்! இதைத் துருவி ஆராய்ந்து 1859-இல் எழுதியவர் ஹாலந்தின் முல்டர். அதற்கும் பரிகாரம் சுத்த வெள்ளிதான். ஒவ்வொரு தொகுதியோடும் ஒரு கிராம் சுத்த வெள்ளியை அதே குப்பி, அதே கரைசல், அதே சூட்டில் கூடவே ஓட்டிப் பார்ப்பது. ஒரே பிழை இரண்டு பக்கமும் விழுந்தால், ஒப்பிடும்போது அடிபட்டுப் போகும்.

நாணயத்துக்காகப் பிறந்த இந்த மேகம் பின்னால் ரொம்ப தூரம் போனது. பெல்ஜியத்தின் ஸ்டாஸ் 1860-களில் அணு எடைகளைத் துல்லியமாக அளந்தது வெள்ளியையும் உப்பையும் இப்படி மோதவிட்டுத்தான். ஹார்வர்டின் தியோடர் ரிச்சர்ட்ஸ் அந்த மேகத்தின் அடர்த்தியை ஒளியால் ஒப்பிடும் கருவியே செய்தார். அணு எடைகளுக்காக அவருக்கு 1914-க்கான வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

கொல்கத்தாவில் என்ன நடந்தது?

பாரிஸில் உப்புத் தண்ணீர் வந்த அதே சமயத்தில் நம் நாட்டு வெள்ளியை யார் சோதித்துக்கொண்டிருந்தார்கள் என்று தேடினால், நான் வசிக்கும் ஊரே வந்து நிற்கிறது. இங்கே ஸ்ட்ராண்ட் ரோட்டில் கிரேக்கக் கோயில் போலத் தூண்கள் வைத்துக் கட்டிய பழைய நாணயச்சாலை 1829-இல் வேலையைத் தொடங்கியது. 1952-இல் அலிப்பூரில் புதியது வரும்வரை இயங்கியது. 1832-இல் அங்கே தலைமைப் பரிசோதகரானவர் ஜேம்ஸ் பிரின்செப். ஆமாம், 1837 வாக்கில் அசோகரின் பிராமி எழுத்தைப் படித்துக் காட்டிய அதே பிரின்செப்தான். பிழைப்புக்கு நாணயத்தின் உள்ளே இருந்த வெள்ளியைப் பார்த்தார். ஆசைக்கு அதன் மேலே இருந்த எழுத்தைப் பார்த்தார்.

1835-இல் கம்பெனி ஆட்சி முழுவதற்கும் ஒரே ரூபாய் வந்தது. எடை 180 கிரெயின், அதில் சுத்த வெள்ளி 165. பன்னிரண்டில் பதினொரு பங்கு. (இந்த அளவு 1818-லேயே மெட்ராஸ் ரூபாய்க்கு வந்துவிட்டது. நம்ம ஊர் முந்திக்கொண்டது!) இத்தனை வெள்ளி இருக்கிறது என்று சொல்லும் வாக்குறுதிதான் அன்றைய ரூபாய். அந்த வாக்குறுதியைச் சோதிப்பவர் கையில் இருந்தது தராசு. பிரின்செப் 0.2 மில்லிகிராம் அளவுக்குக் காட்டக்கூடிய தராசு ஒன்றை அமைத்தார். சின்னதைப் பிடிக்க அவர் தராசைக் கூர்மையாக்கினார். கே-லுசாக் தண்ணீரை நீர்த்தார். இரண்டு பேருக்கும் பிரச்சினை ஒன்றே.

பின்னாளில் இந்திய நாணயச்சாலைகளில் நிலைத்தது இரண்டும் கலந்த ஒரு வழி. வெள்ளியை உப்பைப் போலவே குளோரைடாகத் திரியவைப்பார்கள். ஆனால் கரைசலை அளக்காமல், திரிந்த குளோரைடைக் கழுவி உலர்த்தி நிறுப்பார்கள். ஒரு கிராம் வெள்ளி 1.329 கிராம் குளோரைடாக வரும். வெள்ளிச் சோதனை நூல்களில் இதற்கு 'இந்திய நாணயச்சாலை முறை' என்றே பெயர் உண்டு.

வெள்ளி நகையின் தரம் பார்க்க இன்றுள்ள உலகத் தர அளவுகளில் ஒன்று ஐ.எஸ்.ஓ. 13756. அதில் பயன்படுவது சோடியம் குளோரைடு அல்லது பொட்டாசியம் குளோரைடு கரைசல். மேகத்தைக் கண்ணால் பார்ப்பதற்குப் பதில் மின்முனை பார்க்கிறது. மற்றபடி அதே உப்புத் தண்ணீர். தங்கத்துக்கோ இன்றும் நெருப்பு முறைதான் ஆதாரம். ஆனால் தெரிந்த தரமுள்ள தங்கத்தைக் கூடவே உலையில் வைத்து, நெருப்பு எவ்வளவு தின்றது என்று பார்த்துத் திருத்திக்கொள்கிறார்கள். பின்வாசல் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், அதை அடைக்க முடியாவிட்டாலும் காவல் போடலாம் அல்லவா?

இருபது வருடத்துக்கு மேல் பேரேடு பார்த்தவன் என்ற முறையில் எனக்கு இந்த வரலாற்றில் பட்டது இதுதான். பற்றும் வரவும் சமம் என்பது கணக்கின் இலக்கணம். பெட்டியில் பணம் இருக்கிறதா என்பது வேறு விசாரணை. நீர்த்தல் சூத்திரமும் அப்படியே. அது ஒருபோதும் பொய்க்காது, வழியில் ஒன்றும் கசியாத வரை. எங்கே கசிகிறது என்று ஒவ்வொரு வாசலாகத் தேடிப் போனவர்கள்தான் அளவியலை உண்டாக்கினார்கள்.

ஆகவே பிள்ளைகள் செய்முறை வகுப்பில் கற்கும் சின்னச் சின்னப் பழக்கங்களை லேசாக நினைக்காதீர்கள். பிப்பெட்டை முதலில் அதே கரைசலால் அலம்புவது, உள்ளே ஒட்டிய தண்ணீர் திருட்டுத்தனமாக நீர்த்துவிடக் கூடாது என்பதற்காக. கண்ணைக் கோட்டின் மட்டத்துக்கு இறக்குவது, மேலிருந்து பார்த்தால் கோடு ஏமாற்றும் என்பதற்காக. குடுவையை நிரப்பியபின் மூடித் தலைகீழாகப் பலமுறை கவிழ்ப்பது, அடியில் கெட்டியும் மேலே நீர்ப்பும் நிற்கக் கூடாது என்பதற்காக. பாட்டிலில் பெயர், செறிவு, தேதி எழுதுவது, நாளைக்கு எடுப்பவர் நம்மை நம்பித்தான் எடுக்கப்போகிறார் என்பதற்காக. ஒவ்வொன்றும் ஒரு பின்வாசலுக்குப் போட்ட தாழ்ப்பாள். சூத்திரம் பரீட்சைக்கு மார்க் வாங்கித் தரும். தாழ்ப்பாள் போடும் புத்தி, எந்தத் தொழிலுக்குப் போனாலும் கூட வரும்.